வராத ஒலிக்கும் எழும் அலை

காதுக்கு வந்து சேர்வது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம், அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவரின் செவிப்பறையில் என்ஜின் இரைச்சலும் நடத்துநரின் விசிலும் பூக்காரம்மாவின் கூவலும் பக்கத்தில் நிற்பவரின் பேச்சும் தனித்தனியாக வந்து விழுவதில்லை. எல்லாம் கலந்து ஒற்றை அதிர்வாகவே வந்து தட்டுகின்றன. எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்ற அடையாளம் அந்த அதிர்வில் ஒட்டியிருப்பதில்லை. இருந்தும் நிற்பவருக்கு விசில் விசிலாகவும் பேச்சு பேச்சாகவும் கேட்கிறது. பிரித்துக் கொடுப்பது மூளை. அந்த வேலைக்கு, வந்த ஒலி மட்டும் அதற்குப் போதுவதில்லை. முன்பு கேட்டதைக் கொண்டு அடுத்து வரப்போவதை ஊகித்து, ஊகத்தையும் வரவையும் ஒப்பிட்டுக்கொண்டேதான் அது கேட்கிறது. செவிப்புல ஆய்வில் கடந்த 50 ஆண்டுகளில் மெல்ல மெல்ல உறுதிப்பட்ட கருத்து இது. எவ்வளவு தூரம் உறுதிப்பட்டிருக்கிறது என்பதில்தான் இன்னும் வழக்கு இருக்கிறது.

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற 3 சிற்றெலும்புகள் உள்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கிறது காக்ளியா. அதற்குள் நீளவாக்கில் ஓடும் அடிச்சவ்வை விரித்து வைத்தால் 35 மில்லிமீட்டர் அளவே வரும். சவ்வின் வாயிற்பக்கம் கீச்சொலிகளுக்கும் உள்முனை கனத்த ஒலிகளுக்கும் அதிகமாக அசைகின்றன. இறந்தவர்களின் காதுகளில் இந்த அலையை நேரில் பார்த்து விளக்கிய கியார்க் ஃபான் பெக்கேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் இந்தச் சின்ன நீளத்தில் ஆர்மோனியக் கட்டைகளைப் போல வரிசையாக இடம் பிடித்துக்கொள்கின்றன. மூளைக்குச் சேதி சொல்லும் உள்மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 3,500தான். செவி நரம்பின் இழைகள் சுமார் 30,000. கண் நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. மூளைக்குக் கிடைக்கும் ஒலிச் சேதி எவ்வளவு சிக்கனமானது என்பதை இந்த ஒப்பீடே சொல்லிவிடும்.

அவற்றுக்குத் துணையாகச் சுமார் 12,000 வெளிமயிர்ச் செல்கள் உண்டு. இவற்றின் வேலை சேதி சொல்வதைவிட, தாமே நீண்டு சுருங்கி மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுப்பது. அந்த அசைவு காதிலிருந்து வெளியிலும் ஒலியாகக் கசிகிறது என்பதை 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் பதிவுசெய்து காட்டினார். பச்சிளங்குழந்தைகளுக்கு இன்று செய்யப்படும் கேள்திறன் சோதனை இதிலிருந்து வந்ததுதான். தூங்கும் குழந்தையின் காதில் மெத்தென்ற சிறு முனையைச் செருகுகிறார்கள். அது டிக் டிக்கென்று ஒலி கொடுக்கிறது, காது திருப்பித் தரும் மிக மெல்லிய ஒலியை அதே முனையிலுள்ள மைக் பிடிக்கிறது. குழந்தையிடம் கேள்வியே கேட்காமல் உள்செவி உயிரோடு இயங்குகிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

செவி நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழைந்தவுடன் முதற்கட்டக் கணக்குகள் தொடங்குகின்றன. வலப்பக்கம் கேட்ட ஒலி இடக்காதை எட்டச் சற்றே தாமதமாகும். மனிதத் தலையின் அகலத்துக்கு இந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு விநாடியின் பதினாயிரத்தில் 6, 7 பங்கு. இரு காதுகளின் சேதியும் முதலில் கூடும் மூளைத்தண்டுப் பகுதி இதை அளந்து திசையைச் சொல்லிவிடுகிறது. பிறகு நடுமூளை, தலாமஸ் வழியாக, பொட்டுக்கு உட்புறம் மடிந்து கிடக்கும் செவிப்புறணிக்குச் சேதி ஏறுகிறது. காக்ளியாவில் இருந்த கட்டை வரிசை இங்கே வரைக்கும் கலையாமல் வருவது வியப்புக்குரியது. மூளைத்தண்டுப் பயணம் முழுவதும் 10 மில்லிவிநாடிக்குள் முடிகிறது. மருத்துவமனைகளில் 'பெரா' என்று அழைக்கப்படும் சோதனை, தலையில் ஒட்டிய மின்முனைகளால் இந்த 10 மில்லிவிநாடியின் அலைகளைத்தான் எண்ணுகிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த ஏறுபாதையோடு நின்றுவிடும். இறங்கு பாதையைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். தலாமஸிலிருந்து புறணிக்கு ஏறும் இழைகளைவிடப் புறணியிலிருந்து தலாமஸுக்கு இறங்கும் இழைகள் அதிகம். இறங்கு இழைகளின் ஒரு கற்றை மூளைத்தண்டிலிருந்து காக்ளியா வரை போகிறது என்று கிராண்ட் ராஸ்முசென் 1946இலேயே விவரித்திருந்தார். கேட்கும் உறுப்புக்கே மூளை கட்டளை அனுப்புகிறது என்றால், கேட்டல் ஒருவழிப் போக்குவரத்தாக இருக்க முடியாது.

வந்த ஒலிக்கும் கேட்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டப் பழைய தரைவழித் தொலைபேசி போதும். அது சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100, 120 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அதாவது அப்பாவின் குரலுக்குக் கனம் தரும் அடிச்சுரம் கம்பியில் வரவே இல்லை. இருந்தாலும் மறுமுனையில் அப்பா குரல் அப்பா குரலாகவே கேட்டது. 360, 480, 600 என்று மேற்சுரங்கள் சீரான இடைவெளியில் வருவதைப் பார்த்து, அவற்றின் வேர் 120 என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. மிருதங்கமும் இந்தப் பழக்கத்தை நம்பியே சுருதி சேர்கிறது. சாதாரணத் தோல்கருவியின் மேலதிர்வுகள் ஒழுங்கற்றவை, அதனால் அவற்றில் தெளிவான சுரம் பிறப்பதில்லை. வலந்தலையில் அப்பியிருக்கும் கரணை அந்த அதிர்வுகளை ஒழுங்கான மேற்சுர வரிசைக்குள் கொண்டுவருகிறது. இதை சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

இல்லாததை இட்டு நிரப்பும் இந்த இயல்பைப் பேச்சில் காட்டிய ஆய்வு 1970இல் ரிச்சர்ட் வாரன் செய்தது. பதிவுசெய்த ஓர் ஆங்கில வாக்கியத்தில், சட்டமன்றங்களைக் குறிக்கும் சொல்லின் நடுவிலிருந்து ஒரே ஒரு 'ஸ்' ஒலியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் வாக்கியத்தில் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றனர். மீதமிருந்தவர் வேறொரு ஒலி விடுபட்டதாகத் தவறாகச் சொன்னார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதையும் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இருமலுக்குப் பதில் வெறும் மௌனத்தை வைத்தால் மட்டும் ஓட்டை உடனே தெரிந்தது. ஒலியை ஏதோ ஒன்று மறைத்திருக்கலாம் என்று நம்ப இடமிருந்தால்தான் மூளை நிரப்புகிறது.

வாரனின் இன்னொரு கண்டுபிடிப்பு குறைவாகவே பேசப்படுகிறது. சொல்லின் முதல் ஒலியை மறைத்துவிட்டு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினால், முன்பே கேட்டு முடித்த அந்தச் சொல் கடைசிச் சொல்லுக்கு ஏற்றபடி ஹீல் (குதிகால்) என்றோ வீல் (சக்கரம்) என்றோ பீல் (பழத்தோல்) என்றோ கேட்டது. மூளை முன்கூட்டிச் சொல்வதோடு நிற்பதில்லை, கொஞ்சம் பொறுத்திருந்து பின்னோக்கியும் திருத்துகிறது. கணிப்பு பற்றிய பல எழுத்துகள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுவது பெரிய குறை.

கணிப்பு என்று துணிந்து பேசத் தூண்டிய சான்று பின்லாந்து ஆய்வாளர் ஒருவரின் குழுவிடமிருந்து வந்தது. 1978இல் ரிஸ்டோ நாத்தனெனும் அவருடைய கூட்டாளிகளும் அதை வெளியிட்டார்கள். பின்னர் வழக்கமாகிவிட்ட சோதனை முறை மிக எளியது. ஒருவர் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். காதில் ஒரே மாதிரி பீப் ஒலி, விநாடிக்கு ஒன்றிரண்டு வீதம், வந்துகொண்டே இருக்கிறது. அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நடுநடுவே சற்றே உயர்ந்த பீப் ஒன்று வருகிறது. வந்து 150 முதல் 250 மில்லிவிநாடிக்குள், நெற்றியை ஒட்டிய மின்முனைகளில் எதிர்மின் பக்கமாக ஓர் அலை எழுகிறது. இதற்குப் 'பிறழ்வு அலை' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியதில்லை, விழித்திருக்கக்கூட வேண்டியதில்லை. தூங்கும் பச்சைக் குழந்தையிடமும் இது எழும். நினைவிழந்து கிடக்கும் நோயாளியிடம் இது தென்பட்டால் அவர் கண்விழிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 1990களில் காட்டினார்கள். தென்படாவிட்டால் நம்பிக்கை போய்விட்டது என்று பொருளில்லை என்பதை நோயாளியின் குடும்பத்தாருக்குச் சொல்வது மிக முக்கியம். அலை காட்டாத பலரும் விழித்திருக்கிறார்கள்.

இந்த அலை கணிப்பு தவறியதன் அடையாளம் என்பது ஒரு விளக்கம். எளிய மாற்று விளக்கமும் உண்டு. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நரம்பணுக்கள் களைத்துப்போகின்றன, புதிய ஒலி களைக்காத அணுக்களைத் தொடுவதால் பதில் பெரிதாகிறது, அவ்வளவே என்பது அது. 2003இல் இஸ்ரேலில் நகும் உலானோவ்ஸ்கி, இஸ்ரேல் நெல்கன் குழுவினர் பூனையின் செவிப்புறணியில் தனி அணுக்களே இப்படி நடந்துகொள்வதைக் கண்டபோது மாற்று விளக்கம் வலுப்பெற்றது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. வழக்கமான ஒலியைவிட மெல்லியதாக ஒன்று வந்தாலும் பிறழ்வு அலை எழுகிறதே என்று கணிப்புக் கட்சி கேட்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சுரங்களில், ஆனால் எப்போதும் ஏறுமுகமாகவே இரட்டை ஒலிகள் வரும்போது, ஒன்று இறங்குமுகமானால் அப்போதும் எழுகிறதே என்றும் கேட்கும். களைப்பை வைத்து இவற்றை விளக்குவது கடினம், ஆனால் முற்றிலும் முடியாதது என்றும் சொல்ல முடியாது.

வழக்கைத் தீர்க்க மிகவும் உதவுவது மௌனம். இரவில் ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரம் நின்றுபோனால்தான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிகிறது. ஒலி வராத கணத்தில் களைக்காத அணு எதையும் எந்த ஒலியும் தொடுவதில்லை. அப்போதும் மூளையில் அலை எழுந்தால் அது எதிர்பார்ப்பின் வேலையாகத்தான் இருக்க முடியும். அப்படி எழவே செய்கிறது. சுமார் 100 மில்லிவிநாடிக்கு ஒன்றாக ஒலிகள் விரைந்து வரும்போது ஒன்றை விட்டுவிட்டால், இல்லாத அந்த ஒலிக்குப் பிறழ்வு அலை வருவதை 1997இல் ஹிரூகி யாபே குழு பதிவுசெய்தது. பொத்தானை அழுத்தியதும் ஓர் ஒலி கேட்கும் என்று பழக்கிவிட்டு ஒலியை நிறுத்தினால், வராத ஒலிக்கு எழும் முதல் அசைவு வந்த ஒலிக்கு எழுவதைப் போலவே இருப்பதைப் பிந்தைய ஆய்வு ஒன்று காட்டியது. 2009இல் இஸ்த்வான் விங்க்ளர், ஹெங்கியான் ஹோனிங் குழுவினர் பிறந்து 2, 3 நாளே ஆன, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு டிரம் தாளம் ஒன்றைக் கேட்கவிட்டார்கள். தாளத்தின் தலையடி விடுபட்ட இடத்தில் குழந்தைகளின் மூளை அலை மாறியது. மற்ற அடிகள் விடுபட்டபோது அப்படி மாறவில்லை. பேச்சும் பாட்டும் தெரியாத உயிருக்குத் தலையடி தெரிந்திருக்கிறது!

கணிப்புக்குப் படிகள் உண்டு என்பதையும் 2009இல் பாரிஸிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. 4 ஒரே ஒலி, ஐந்தாவது வேறு என்ற ஐந்தொலித் தொகுதியையே வழக்கமாக்கிவிட்டால், ஐந்தாவது ஒலிக்குப் பிறழ்வு அலை எழுந்துகொண்டுதான் இருக்கும். எப்போதாவது ஐந்தும் ஒன்றாக வரும் தொகுதியே இப்போது புதுமை. அந்தப் புதுமைக்கு சுமார் 300 மில்லிவிநாடிக்குப் பின் எழும் பெரிய அலை, கவனித்துக் கேட்பவர்களிடம் மட்டுமே வந்தது. அடுத்தடுத்த ஒலிகளின் கணக்கை மூளை தானாகப் பார்த்துக்கொள்கிறது, தொகுதியின் விதியை அறிய உணர்வு தேவைப்படுகிறது.

இவற்றையெல்லாம் ஒரே சட்டகத்தில் வைக்க முயல்வது 'கணிப்புக் குறியாக்கம்' என்ற கோட்பாடு. புலனறிவு என்பது நாமறியாமல் நடக்கும் ஊகம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொல்லியிருந்தார். 1999இல் ராஜேஷ் ராவும் டானா பல்லார்டும் அதற்குப் பார்வைப் புலனில் கணித வடிவம் தந்தார்கள். கார்ல் ஃபிரிஸ்டன் மூளை முழுவதற்கும் அதை விரித்தார். மேலடுக்கு தன் ஊகத்தைக் கீழே அனுப்பும். கீழடுக்கு ஊகத்தோடு ஒத்துப்போனதை விட்டுவிட்டு, ஒத்துப்போகாத மிச்சத்தை மட்டும் மேலே அனுப்பும். மேலடுக்கு அதைக் கொண்டு ஊகத்தைத் திருத்தும். அழகான கோட்பாடு. ஆனால் ஊகத்துக்குத் தனி அணுக்கள், பிழைக்குத் தனி அணுக்கள் என்று அது கேட்கும் வேலைப் பிரிவினைக்கு மனிதச் செவிப்புறணியில் நேரடிச் சான்று இன்னும் மெலிவாகவே இருக்கிறது. மூளை கணிக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதற்கும் இந்தக் குறிப்பிட்ட பொறியமைப்பை ஒப்புக்கொள்வதற்கும் உள்ள தூரத்தை மறக்கக் கூடாது.

பேச்சுக்கு வருவோம். ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகியோர் 1996இல் 8 மாதக் குழந்தைகளுக்கு, பொருளில்லாத அசைகளை இடைவெளியின்றி 2 நிமிடம் கேட்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எது வரும் என்பதில் மட்டுமே ஒழுங்கு வைத்திருந்தார்கள். அதைக் கொண்டே குழந்தைகள் 'சொற்களை'ப் பிரித்தறிந்துவிட்டன. பேச்சில் சொற்களுக்கு நடுவே மௌனம் இருப்பதில்லை. தாலாட்டும் கொஞ்சலுமாக ஓடும் ஒலியோட்டத்தில் ஒரு குழந்தை 'அம்மா' என்ற துண்டை எப்படிக் கண்டெடுக்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த நல்ல விடைகளில் இது ஒன்று.

தாய்மொழி காதைச் செதுக்குவதும் முதல் ஆண்டிலேயே நடக்கிறது. இந்தியின் ட, த ஒலிகளை ஆங்கிலச் சூழலில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் வேறுபடுத்தின. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை என்று ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் கண்டார்கள். 'படம்', 'பதம்' என்று கேட்டு வளரும் தமிழ்க் குழந்தைக்கு இந்த வேறுபாடு அன்றாடத் தேவை. தமிழில் இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் க வேறு வேறாக ஒலிக்கிறது. ஆனால் தமிழ்ச் சொற்களில் எந்த இடத்தில் எந்த ஒலி என்பது முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளாலேயே தீர்மானமாகிவிடுகிறது. முழுக்க ஊகிக்க முடிந்த வேறுபாடு புதுச் சேதி எதையும் சொல்வதில்லை. அதனால்தான் தமிழுக்கு ஒரே எழுத்து போதுமானதாக இருந்திருக்கிறது.

சொற்களின் அளவில் நடக்கும் எதிர்பார்ப்பை 1980இல் மார்த்தா குடாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் அளந்தார்கள். 'இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் செருப்பு' என்பது போன்ற வாக்கியத்தில் பொருந்தாச் சொல்லுக்கு சுமார் 400 மில்லிவிநாடியில் ஓர் அலை உச்சம் தொடுகிறது. அவர்கள் திரையில் சொற்களைக் காட்டிச் செய்தார்கள். காதால் கேட்டாலும் அதுவே நடக்கிறது. ஆனால் சொல் வருவதற்கு முன்பே அதன் வடிவம்வரை மூளை ஊகித்துவிடுகிறது என்ற வலுவான கூற்றில் அடி விழுந்திருக்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சிறு முன்னொட்டுச் சொல்லிலேயே எதிர்பார்ப்பின் தடம் தெரிகிறது என்று 2005இல் வந்த முடிவை 2018இல் 9 ஆய்வகங்கள் 334 பேரை வைத்து மறுபடி சோதித்தபோது, அந்தத் தடம் கிடைக்கவில்லை. பெயர்ச்சொல்லில் எழும் அலை மட்டும் உறுதியாக நின்றது. நேர்மையான அறிவியல் இப்படித்தான் நகர வேண்டும்.

இசையில் ஊகமே இன்பமாகிறது. தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் மிருதங்கக்காரர் கோர்வையைத் தொடங்கும்போது, ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையைத் தொடையில் போட்டுக்கொண்டிருக்கும் ரசிகரின் கையைப் பார்க்கலாம். சொற்கட்டு தாளத்துக்குக் குறுக்கே ஓடுகிறது, விழ வேண்டிய இடத்தில் அடி விழாமல் நழுவுகிறது, கை மட்டும் எண்ணிக்கையை விடாமல் பிடித்திருக்கிறது. மூன்றாம் முறை சுற்றிவந்து கோர்வை சமத்திலோ எடுப்பிலோ வந்து உட்காரும் கணத்தில் சபையே தலையசைக்கிறது. 2011இல் கனடாவில் வலரி சலிம்பூர் குழுவினர், மனம் சிலிர்க்கும் இசைக் கட்டத்துக்கு முன்பே மூளையின் ஆழ்பகுதி ஒன்றில் டோபமின் சுரப்பதையும், சிலிர்ப்பின்போது அதற்கு அருகிலுள்ள வேறொரு பகுதியில் சுரப்பதையும் தனித்தனியாக அளந்தார்கள். காத்திருப்பதற்கு ஓரிடம், கிடைத்ததற்கு ஓரிடம்.

ஊகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தன்னால் எழும் ஒலிகளை மூளை முன்கூட்டியே தணித்துவைக்கிறது. 2018இல் வந்த ஆய்வில், ஓடுதளத்தில் நடந்த சுண்டெலிகளுக்கு ஒவ்வொரு அடிக்கும் செயற்கையாக ஓர் ஒலி கேட்கவைக்கப்பட்டது. சில நாளில் அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் செவிப்புறணியின் பதில் மங்கியது, மற்றச் சுரங்களுக்கு மங்கவில்லை. மனிதர்களிலும் சொந்தக் குரலுக்குப் புறணியின் பதில் குறைவு. மனச்சிதைவு நோயில் இந்தத் தணிப்பும், முன்பு சொன்ன பிறழ்வு அலையும் குன்றியிருப்பது பலமுறை காணப்பட்டிருக்கிறது. சொந்த எண்ணத்தின் ஒலி அயலான் குரலாகக் கேட்பதற்கு இது ஒரு காரணமாகலாம். 2017இல் ஆல்பர்ட் பவர்ஸ், கிறிஸ்டோஃபர் மாதிஸ், ஃபிலிப் கார்லெட் ஆகியோர் ஒரு படத்தோடு மெல்லிய ஒலியைப் பழக்கிவிட்டு, பிறகு படத்தை மட்டும் காட்டினார்கள். ஒலி கேட்டதாகச் சொன்னவர்களில் குரல் கேட்கும் பழக்கமுள்ளவர்கள் மிகுதி. அவர்களில் நோய் என்று எதுவும் இல்லாதவர்களும் இருந்தார்கள். குரல் கேட்பவர்களைப் பேய் பிடித்தவர்களாகவோ பொய்யர்களாகவோ நடத்தும் வீடுகளுக்கு இந்த ஆய்வுகள் எட்ட வேண்டும்.

காதிரைச்சலும் இதே குடும்பம். உள்செவியின் ஒரு பகுதி பழுதாகி அங்கிருந்து சேதி வருவது குறைந்தால், மூளை தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. வெற்றுச் சலசலப்பே அப்போது நிலையான ஒலியாகக் கேட்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம்.

மூளை எவ்வளவு செய்கிறது என்பதை, கேளாதவர்களின் உள்செவிக்குள் அறுவை செய்து பொருத்தும் காக்ளியா கருவியைவிடத் தெளிவாக எதுவும் காட்டுவதில்லை. 3,500 செல்களின் வேலையை அதிகபட்சம் 22 அளவிலான மின்முனைகள் செய்கின்றன. பேச்சை வெறும் 4 அலைவரிசைகளாகச் சுருக்கினாலும் பழகியபின் வாக்கியங்கள் புரிகின்றன என்று 1995இல் ராபர்ட் ஷானன் குழு காட்டியிருந்தது. நடுவயதில் செவித்திறன் இழந்து கருவி பொருத்திக்கொண்டவர்கள், முதல் நாள் கேட்டது பீப் ஒலியாகவோ ரோபோ குரலாகவோ இருந்ததாகச் சொல்வார்கள். சில மாதங்களில் அதே கருவியில் மனைவியின் குரல் மனைவியின் குரலாகிவிடுகிறது. மின்முனைகள் கூடுவதில்லை. பழைய நினைவு புதிய சேதியோடு பொருந்திவரக் கற்றுக்கொள்கிறது.

பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அந்தப் பழைய நினைவு கிடையாது. அதற்கு எதிர்பார்ப்பை முதலிலிருந்து கட்ட வேண்டும், கட்டும் காலம் நீண்டதல்ல. அனு சர்மா குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளின் புறணி அலை சில மாதங்களிலேயே இயல்பான வேகத்தை எட்டியது. 7 வயதுக்குப் பின் பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, ஆண்டுகள் கழிந்தும் எட்டவில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குழந்தைகளுக்கு இந்த அறுவையின் செலவை ஏற்கிறது. 'பையனுக்குப் பேச்சு கொஞ்சம் லேட்டாத்தான் வரும், அவங்க அப்பாவும் அப்படித்தான்' என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்லிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த மூன்றரை ஆண்டிலிருந்துதான் கழிகிறது.